கப்பல் ஓடாத காவிரியில் ஒரு பயணம்

ஆசியாவின் பெரிய நதிகளில் கப்பலில் மிதந்துகொண்டே சரித்திரம் பார்த்துவரும் பழக்கம் இப்போது நம்மவர்களிடமும் பரவி வருகிறது. மீகாங் நதியில் வியட்நாமிலிருந்து கம்போடியா, சீனாவின் யாங்சியில் மலை இடுக்குகள் என்று விளம்பரங்கள் வருகின்றன. நம் நாட்டிலேயே 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து கிளம்பிய 'கங்கா விலாஸ்' கப்பல், 27 நதிகள் வழியாக 51 நாள் பயணமாக சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடி, அஸ்ஸாமின் திப்ருகருக்குப் போனது. (டிக்கெட் விலையைக் கேட்டு யாராவது கடனுக்கு வந்தால், வீட்டுக்கடன் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்!)

நதி வழியே சரித்திரம் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தார் ரோடும் ரயிலும் வருவதற்கு முன்னால் சரக்கு, படை, சாமி, மொழி எல்லாம் நதியை ஒட்டித்தான் நகர்ந்தன. மியான்மரில் ஐராவதி ஆற்றங்கரையில் இருக்கும் பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே நானாதேசி விண்ணகரம் என்று ஒரு பெருமாள் கோயில் இருந்திருக்கிறது. கேரளக் கரையிலிருந்து போன ஒரு வியாபாரி அந்தக் கோயிலுக்கு மண்டபம் கட்டி விளக்கும் கொடுத்த செய்தியை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. சொந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போன இடத்தில் கோயில் கட்டுவது நம்ம ஆட்களுக்குப் புதிதல்ல.

சரி, அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரில் குழாயைத் திறந்தாலே காவிரி வருகிறது. 1974-இல் முதல் கட்டத் திட்டம் தொடங்கியதிலிருந்து, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பு ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி ஏரிகளிலிருந்து தண்ணீர் வந்தது. அவையும் அர்க்காவதி ஆற்றின் மேல் கட்டியவை. அர்க்காவதி காவிரியில் போய்ச் சேரும் துணையாறு.

காவிரியில் கப்பல் விட முடியாது. சிவனசமுத்திரம், மேகேதாட்டு, ஒகேனக்கல் என்று வழி நெடுகப் பாறையும் அருவியும். அங்கங்கே பரிசல்தான் ஓடும். ஆனாலும் இந்த 800 கிலோமீட்டர் நதி ஆயிரம் வருஷமாக ஒரு தெருவாக இருந்திருக்கிறது. அதில் நம்மவர்கள் மேலே ஏறி வந்தார்கள், இவர்கள் கீழே இறங்கிப் போனார்கள்.

முதலில் ஏறி வந்த கதை. கி.பி. 1004 வாக்கில் ராஜராஜ சோழனின் படை, கங்கர்களின் தலைநகரமான தலக்காட்டைப் பிடித்தது. ஊருக்கு ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சோழர் ஆட்சி நடந்தது. 1117 வாக்கில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தன் தலக்காட்டை மீட்டான். அந்த வெற்றிக்காக அவன் கட்டிய கீர்த்திநாராயணர் கோயிலை இன்றும் அங்கே பார்க்கலாம். பக்கத்துக் கோயில்கள் பல மணலில் புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டவை.

வாளோடு வந்தவர்கள் அவர்கள் என்றால், தண்டத்தோடு வந்தவர் ராமானுஜர். சோழ மன்னன் ஒருவனின் கெடுபிடிக்குத் தப்பி, ஸ்ரீரங்கத்தை விட்டு மேல்கோட்டைப் பக்கம் வந்து பன்னிரண்டு வருஷம் தங்கினார் என்பது வைணவ மரபு. எந்தச் சோழன் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்த வருகையின் பலன் கண்முன்னே இருக்கிறது. மண்டயம், ஹெப்பார் ஐயங்கார் குடும்பங்கள் தங்கள் வரலாற்றை அந்தக் காலத்தோடு இணைத்துத்தான் சொல்கின்றன. கன்னடம் கலந்த அவர்கள் வீட்டுத் தமிழைக் கேட்டால், மொழி எப்படி ஊர் மாறியும் உயிரோடு இருக்கிறது என்று புரியும். அகதியாக வந்த ஒரு தமிழருக்கு இடம் கொடுத்த மன்னன் யார் என்று மரபு சொல்கிறது தெரியுமா? சோழரைத் தோற்கடித்த அதே விஷ்ணுவர்தன்!

இனி இறங்கிப் போன கதை. இது நம் பள்ளிப் பாடத்தில் ஓரிரு வரிக்கு மேல் வராது. 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராஜராஜ சோழனை, காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சிறை பிடித்தான். 1231 வாக்கில் படை அனுப்பி, சோழனை விடுவித்து மறுபடி அரியணையில் உட்கார வைத்தவன் ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில் இருக்கும் கல்வெட்டு இந்தப் படையெடுப்பைச் சொல்கிறது.

அவன் மகன் சோமேஸ்வரன் ஒரு படி மேலே போய், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கண்ணனூரில் தலைநகரமே அமைத்துக்கொண்டான். கண்ணனூர் என்றால் வேறெங்கோ இல்லை, நம் சமயபுரம்தான். அவன் கட்டிய போசளேஸ்வரம் என்ற சிவன் கோயில், வாய் மாறி வாய் மாறி இன்று போஜீஸ்வரர் கோயில் என்று வழங்குகிறது. சமயபுரத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்களோ!

1254-இல் ஹொய்சள ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. கர்நாடகப் பகுதி மூன்றாம் நரசிம்மனுக்கு. 1258-இல் காவிரிக்கு அருகே சோமநாதபுரத்தில் அந்த அழகான கேசவர் கோயிலைக் கட்டியது அவனுடைய தளபதி. (2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.) தமிழ்ப் பகுதி இன்னொரு மகன் ராமநாதனுக்கு. கண்ணனூரிலிருந்து ஆண்ட அந்த ராமநாதன் பெயர் வரும் தமிழ்க் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பெங்களூர் டொம்லூரில், சொக்கநாதசுவாமி கோயிலில்! சமயபுரத்தில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த கன்னட அரசன், டொம்லூர்ப் பெருமாளுக்கு ஊர் வருமானத்திலிருந்து கொடுத்த தானம், தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. இதில் யார் வந்தேறி, யார் மண்ணின் மைந்தர் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ராஜாக்கள் போன பிறகும் தெரு மூடவில்லை. 1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் போனது சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். பெங்களூருக்கு விளக்கு வந்ததே 1905-இல்தான். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டாலும் அந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. எதிர்த்திசையில், சேலம், கோவைப் பக்கம் தறி நெய்யும் தேவாங்கர் குடும்பங்கள் பல இன்றும் வீட்டில் கன்னடம் பேசுகின்றன. ஈரோடு மாவட்டத் தாளவாடியிலும் அப்படித்தான். ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம். புகைக்கல் என்று அர்த்தம்.

இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குக் காவிரி என்றாலே டி.வி.யில் வரும் சண்டைதான். 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்புக்குப் பின் டிசம்பரில் இந்த ஊரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. அந்த 4.75-இல் நம் வீட்டுச் சொம்புத் தண்ணீரும் அடக்கம். டெல்டாவில் வயல் உள்ள அண்ணனும் பெங்களூரில் ஃபிளாட் உள்ள தம்பியும் ஒரே வழக்கில் எதிரெதிர்க் கட்சி! மழை பொய்க்கும் வருஷத்தில் சண்டை மறுபடி வரும், அதில் சந்தேகமில்லை.

அப்போது பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? "சோழன் ஆண்ட பூமிடா, நமக்கும் உரிமை உண்டு" என்று மார்தட்டுவது சுலபம். ஆனால் கணக்கு என்றால் பற்றும் வரவும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்பது காமர்ஸ் படித்தவனுக்கு முதல் பாடம். தலக்காட்டை நம் பக்கம் எழுதினால், சமயபுரத்தை அவர்கள் பக்கம் எழுத வேண்டிவரும். அதைவிட, ராஜாவும் சன்னியாசியும் சுரங்கத் தொழிலாளியும் நடந்த தெருவில் கடைசியாக வந்தவர்கள் நாம் என்று சொல்லலாம். தலை குனியவும் வேண்டாம், மீசை முறுக்கவும் வேண்டாம்.

பெரிய செலவும் இல்லை. ஒரு சனி, ஞாயிறு போதும். ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம், தலக்காடு, சிவனசமுத்திரம் நான்கையும் காரிலேயே பார்த்துவிடலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கன், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கன். மூன்றாவதாக ஸ்ரீரங்கத்து ரங்கன். மூவரும் காவிரித் தீவில்தான் படுத்திருக்கிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அவரையும் சேவித்து, கையோடு சமயபுரத்தில் போஜீஸ்வரரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சனி, ஞாயிறும் கிடைக்காதவர்கள், ஒரு மாலை டொம்லூர் வரை போய்வாருங்கள். கல்லில் இருக்கும் தமிழைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதை வெட்டச் சொன்ன கன்னட ராஜாவின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.