சேர்வராயன் மலை

சேலம் நகரின் வடக்கே எழும் மலைத்தொகுதி. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 400 சதுர கி.மீ. உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். சுற்றிலும் வெயில் காயும் சமவெளி, மேலே குளிர்ந்த சோலை. கடல் சூழாத தீவு என்றே இதைச் சொல்லலாம். ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற ஏற்காடு இதன் தலைமையூர். வாணியாறு இங்கே தோன்றித் தென்பெண்ணையில் சேர்கிறது. திருமணிமுத்தாறு சேலம் வழியாகக் காவிரிக்குப் போகிறது.

தீவுகளில் நடப்பதுபோல, இம்மலையிலும் தனி உயிரினங்கள் உருவாயின. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் மலையின் பெயரையே தாங்கியது. இங்கு மட்டுமே வளர்வது. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு ஒன்றை 1863-இல் இயற்கையியலாளர் பெடோம் விவரித்து, மருத்துவர் ஜான் ஷார்ட்டின் பெயரால் சிலிபுரா ஷார்ட்டியை என்றார். பின்னாளில் இதை வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டனர். அண்மைக் காலத்தில்தான் மீண்டும் தனியினமாக ஏற்றனர். இப்போதைய பெயர் யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை. ஒரு சிறு பல்லியையும் அவர் இங்கிருந்தே 1870-இல் உலகுக்கு அறிமுகம் செய்தார். நஞ்சற்ற அந்தக் கேடயவால் பாம்பை இன்றும் அறியாமல் அடித்துக் கொல்வது வருத்தத்துக்குரியது.

மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். மேட்டுச் சமதளங்களில் பாக்சைட் படிவு உண்டு. அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுசென்றனர். வெட்டிய இடங்களில் பழைய காடு மீளவில்லை.

மாரமங்கலம், வெள்ளக்கடை, நாகலூர் முதலிய ஊராட்சிகளில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரில் மூத்தவரின் வழியினர் தாம் என்பது அவர்களது மரபுக் கதை. சாமையும் ராகியும் பழைய பயிர்கள். உச்சியிலுள்ள குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர்; மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்கள் யாவும் திரளும். சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் காப்பி விளைகிறது.

ஏரி, கிளியூர் அருவி, பகோடா முனை ஆகியவை பயணிகள் பார்ப்பவை. கோடை விழாவுக்கு வருவோர், இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும்.