வில்லும் அதிர்வடக்கியும்



மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் மணலும் தென்னையும். படுவான்கரையில் வயலும் குளமும் காடும். நெல் பெரிதும் விளைவது படுவான்கரையில். நகரும் பெரிய மருத்துவமனையும் இருப்பது எழுவான்கரைப் பக்கத்தில். ஆதலின், வாவியைக் கடத்தலும், கடந்தபின் கரடான வழியில் ஊர்தி செலுத்தலும் இந்நாட்டு வாழ்க்கையோடு ஒன்றிய செயல்களாயின. அவ்வூர்தியின் அடியில், எவர் கண்ணிலும் படாது கிடக்கும் ஓர் உறுப்பின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். நூலோர் அதனை அதிர்வடக்கி என்பர். கராச்சில் அதற்குச் 'சொக் அப்சோபர்' என்று பெயர்.

முற்காலத்து மாட்டுவண்டிலின் அச்சுக்கும் தட்டுக்கும் இடையே வில் கிடையாது. எருதின் நடை மெல்லியதாகையால் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. குதிரை வண்டியின் வேகம் மிகுந்தபோதே வில்லின் தேவை எழுந்தது. 1804ஆம் ஆண்டில் ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர், அடுக்கிய எஃகுத் தகடுகளாலான வில்லுக்கு உரிமைச் சான்று பெற்றார். மோட்டார் வண்டி வந்தபின் அவ்வில்லின் குறையும் வெளிப்பட்டது. வில், பள்ளத்தின் அடியை வாங்கித் தன்னுள் அடக்கி, மறுகணமே திருப்பி உதைக்கும்; மீண்டும் தாழும்; மீண்டும் எழும். இந்தத் துள்ளலில் சில்லு நிலத்தை விட்டு நீங்கும். நிலத்தைத் தொடாத சில்லு திரும்புவதுமில்லை, தடுப்புக்கு அடங்குவதுமில்லை. எனவே, வில்லை அமைதிப்படுத்த மற்றோர் உறுப்பு வேண்டியதாயிற்று. முதலில் தட்டுகள் ஒன்றோடொன்று உராயும் கருவி பயன்பட்டது. பின்னர் எண்ணெயைச் சிறு துளைகளினூடே நெருக்கிச் செலுத்தும் கருவி வந்தது. துள்ளும் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறி அடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் நாள், ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். அப்போரில் புகழ்பெற்ற ஊர்தியே ஜீப். நான்கு சில்லும் இயங்கும் அவ்வண்டியை வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. அதன் தகட்டு விற்களோடு குழாய் வடிவான எண்ணெய் அதிர்வடக்கிகளும் இணைந்திருந்தன. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் றோவரும் அவ்வழியையே பின்பற்றியது.

எனினும் ஒரு தொல்லை எஞ்சிற்று. கிரவல் வீதியில் அலையலையான மேடுகள் தோன்றுவதுண்டு. அதன்மேல் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கொதிப்பேறி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு வலிமை இல்லை. அதிர்வடக்கி இருந்தும் இல்லாததாகிவிடும். இதற்கு மாற்றாக, பிரான்சிய அறிஞர் டி கார்போன், எண்ணெயையும் மிகுந்த அழுத்தத்திலுள்ள வாயுவையும் அசையும் தடுப்பால் பிரித்து வைத்த ஒற்றைக்குழாய் அதிர்வடக்கியை ஆக்கினார். 1953இல் அதற்கென நிறுவனமும் தொடங்கினார்.

இன்று வாங்குவோர் முன் இவ்விரு வகைகளும் நிற்கின்றன. ஒற்றைக்குழாய் விரைவிற் குளிரும், நுரைத்தல் அரிது. ஆனால் கல் மோதிக் குழாய் நசுங்கினால் உள்ளே உந்து தண்டின் ஓட்டம் தடைப்படும். இரட்டைக்குழாய் விலை குறைந்தது. வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் உட்குழாய் தன் பணியைச் செய்யும். வெப்பமோ அதனுள் மெல்லவே தணியும். நெடுந்தூரக் கிரவல் ஓட்டத்துக்கு முன்னது பொருந்தும். வட்டைக்குள் மெல்லச் சென்று திரும்பும் வண்டிக்குப் பின்னதே போதும்.

மற்றுஞ் சில நெறிகள் உண்டு. நெல்மூடை ஏற்றுதற்காகப் பின்வில்லை மட்டும் கடினமாக்குவோர் பலர். வில் வலுத்தால் அதன் மீள்விசையும் வலுக்கும். அதை அடக்கும் அதிர்வடக்கியும் அதற்கேற்ப மாறவேண்டும். வெள்ளத்துக்கு அஞ்சி வண்டியை உயர்த்துவோர் நீளத்தையும் அளந்து பார்த்தல் நலம். அதிர்வடக்கி குட்டையானால், சில்லு பள்ளத்தில் தொங்கும்போது அதன் பிடிப்பே பிய்ந்துவிடும். நெட்டையானால், வண்டி அமிழும்போது அதன் அடி முட்டிச் சிதையும். உவர்நீரில் இறங்கிய வண்டியை நன்னீரால் கழுவாவிடில் தண்டு துருப்பிடிக்கும், துரு அடைப்பைக் கிழிக்கும், எண்ணெய் ஒழுகிவிடும்.

மட்டக்களப்பார் வாவி கடக்கும் மிதவையையே 'பாதை' என்று அழைப்பது பொருள் பொதிந்த வழக்கு. மண்முனைத் துறையில் அத்தகைய பாதை ஓடிய இடத்தில் 2014இல் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னாண்டில் கல்லடியிலும் பழைய பாலத்தருகே புதுப்பாலம் எழுந்தது. வாவியின் தடை குறைந்தது. ஆயினும் மாரிமழை பெய்தவுடன் வட்டைகளுக்கும் குளக்கரைகளுக்கும் செல்லும் மண்வழிகள் பழைய நிலையை அடைகின்றன. இரவில் நோயாளியை ஏற்றி அவ்வழியே புறப்படும் ஊர்தியில், உயரமும் பகட்டும் உதவுவதில்லை. நான்கு சில்லும் நிலத்தை விடாது பற்றியிருத்தலே வேண்டும். அப்பற்றைக் காப்பது, சுமையையும் வழியையும் எண்ணித் தெரிந்தெடுத்த அந்த எளிய குழாயே ஆகும்.