கடல் வாசலில் திமிங்கிலம், பிள்ளைகள் பார்ப்பது டுபாய் வீடியோ

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8இல் வரலாற்றுப் பாடம் நடந்து கொண்டிருந்தது. ஒரு மாணவன் எழும்பி, "சேர், டுபாயில டொல்பின் பந்து விளையாடுது, ஆக்களுக்கு முத்தம் குடுக்குது. வாப்பா வீடியோ அனுப்பினார். நம்மட நாட்டில ஏன் சேர் அப்படி ஒண்டு இல்ல?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. கேட்ட பிள்ளையின் வீடு மூதூரில். கொட்டியார்க் குடாவின் வாயைத் தாண்டினால் நீலத் திமிங்கிலம் வந்து போகிற கடல். உலகத்தில் அதைவிடப் பெரிய உயிர் வேறொன்றில்லை. அவனுக்கு அது தெரியாது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஆகவே இந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

முதலில் வேட்டை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல்கள் இந்து சமுத்திரம் வரை வந்து எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கொன்றன. விளக்கெரிக்க எண்ணெய் தேவைப்பட்ட காலம் அது. ஆனால் பெரிய அடி விழுந்தது விளக்கெண்ணெய்க் காலம் முடிந்து மின்சாரம் வந்த பிறகுதான். 1963க்கும் 1967க்கும் இடையில் சோவியத் யூனியனின் இரண்டு கப்பல் அணிகள் அரபிக் கடலுக்கும் அதையொட்டிய வட இந்து சமுத்திரத்துக்கும் வந்தன. சாதாரணக் கப்பல்கள் அல்ல, பிடித்த திமிங்கிலத்தைத் தட்டிலேயே வெட்டிக் காய்ச்சி முடிக்கிற மிதக்கும் தொழிற்சாலைகள். சுமார் 1,300 நீலத் திமிங்கிலங்களும் 242 கூனல் திமிங்கிலங்களும் அந்தச் சில பருவங்களில் கொல்லப்பட்டன. சர்வதேச விதிகளுக்கு மாறான வேட்டை என்பதால் கணக்கை மறைத்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு, உண்மைக் கணக்கை ஒளித்து வைத்திருந்த அந்நாட்டு விஞ்ஞானிகளே 1990களில் அதை வெளியிட்டார்கள். ஓமான் கரையில் கூனல் திமிங்கிலங்கள் இன்று நூறுகூட இல்லை என்று கணிக்கிறார்கள். ஏறக்குறைய அறுபது வருடமாகியும் அந்தக் கூட்டம் மீளவில்லை.

1979இல் சீஷெல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு முன்மொழிந்து, இந்து சமுத்திரம் முழுவதும் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வர்த்தக வேட்டைக்குத் தடை. அறிவித்தாயிற்று, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகு வந்தது. ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் குழுவோடு 1982 முதல் 1984 வரை இலங்கைக் கடலில் திரிந்தார். தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எழுப்பும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டு அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். ஒன்றையும் கொல்லாமல், உயிரோடு பார்த்து எழுதிய ஆய்வு. அந்த நாளில் அதுவே புதுமை.

அவர்களுக்கு நீலத் திமிங்கிலங்கள் கிடைத்த இடம் எது தெரியுமா? திருகோணமலை. நமது துறைமுக வாய்க்குப் பக்கத்திலேயே கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. வேறு இடங்களில் பல மணி நேரம் ஓடிப் பார்க்க வேண்டிய ஆழக்கடல் பிராணி, இங்கே கரைக்குக் கிட்ட வருகிறது. கோணேசர் மலையில் நின்று தரையிலிருந்தே மூச்சுத் தாரையைப் பார்க்கலாம். உலகத்தில் அப்படியான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

திமிங்கிலம் காட்டிக் காசு வாங்குவது அப்போது உலகத்தில் பழகிப் போன தொழில். 1955இல் கலிபோர்னியாவில் ஒருவர் ஆளுக்கு ஒரு டொலர் வாங்கிக் கொண்டு படகில் ஏற்றிப் போனதோடு அது ஆரம்பித்தது. 80களின் தொடக்கத்தில் திருகோணமலையிலும் அந்தத் தொழில் முளை விட்டது. வேட்டைக்காரன் ஒரு திமிங்கிலத்தை ஒரு தடவைதான் விற்கலாம். காட்டுகிறவன் அதே திமிங்கிலத்தை நாற்பது, ஐம்பது வருடம் விற்கலாம். இந்தக் கணக்கை உலகம் கற்றுக் கொண்ட நேரத்தில், அதற்கு மிகப் பொருத்தமான கடல் நம்மிடம் இருந்தது.

பிறகு 1983 ஜூலை. அதற்குப் பின் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் போகவே பாஸ் வேண்டியிருந்த காலம். 2006இல் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு கந்தளாய்க்கு நடந்தவர்கள் நாங்கள். திமிங்கிலத்தை யார் நினைப்பது?

அந்த வருடங்களில் திமிங்கிலத்தை விட்டார்கள், டொல்பினை விடவில்லை. நமது பெரியவர்கள் ஓங்கில் என்பார்களே, அதுதான். சூரைக்கு விரிக்கிற செவுள் வலைகளில் ஓங்கிலும் மாட்டும். சூரைக் கூட்டமும் ஓங்கில் கூட்டமும் சேர்ந்தே ஓடுவது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மாட்டியதை வீசாமல் விற்றார்கள், சுறாத் தூண்டிலுக்கு இரையாகவும் போட்டார்கள். விலை கிடைத்ததும் ஈட்டியால் எறிந்தே பிடிக்கத் தொடங்கினார்கள். 80களில் இறங்குதுறைகளில் கணக்கெடுத்தவர்கள், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சாகின்றன என்று எழுதினார்கள். 1993இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாக்கப்பட்டன. அன்றிலிருந்து பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "கடல் பிராணி ஹலால்தானே சேர்?" மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், நான் வரலாற்று ஆசிரியன். அபூ உபைதா (ரழி) அவர்களின் படை சாப்பிட்ட 'அன்பர்' என்ற பெரும் கடல் பிராணியின் ஹதீஸை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் இலை தழை தின்று பசியோடு நின்றவர்கள், பிராணி தானாகக் கரையொதுங்கியது. நம்மூரில் இரவில் ஷொப்பிங் பேக்கில் சுற்றி வீடு வீடாக வருகிற இறைச்சிக்கு அந்தக் கதை பொருந்துமா என்று நீங்களே யோசியுங்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கும் அது வந்திருக்கிறது. நானும் சாப்பிட்டிருக்கிறேன். மறைத்து எழுத விரும்பவில்லை.

இனி மாணவன் கேட்ட தொட்டிக் கதை. 1964இல் கனடாவின் வான்கூவர் மீன்காட்சியகம், ஓர்கா ஒன்றின் உருவத்தைச் செதுக்குவதற்காக, மாதிரிக்கு ஒன்றைக் கொன்று வரும்படி ஒரு சிற்பியை அனுப்பியது. ஈட்டி ஏறியும் அது சாகவில்லை. ஈட்டிக் கயிற்றோடேயே இழுத்து வந்து அடைத்து வைத்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் அது செத்தது. அதற்கிடையில் அதைப் பார்க்கச் சனம் திரண்டதைக் கண்டவர்களுக்கு உயிரோடு பிடிப்பதில் காசு இருக்கிறது என்று விளங்கிவிட்டது. 1970இல் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வலை போட்டு, தாய்களிடமிருந்து குட்டிகளைப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்த ஒன்று மயாமியில் ஒரு தொட்டிக்குள் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்து 2023 ஓகஸ்டில் இறந்தது. நமக்குக் கிட்ட, சென்னைக்கு அருகே 1998இல் பல்கேரியாவிலிருந்து டொல்பின்களைக் கொண்டு வந்து காட்சி வைத்தார்கள். சில மாதங்களில் அவை செத்துப் போயின. 2013இல் இந்தியா டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

மகன், அது முத்தம் கொடுப்பது பாசத்தில் அல்ல. கொடுத்தால்தான் மீன் கிடைக்கும்.

திமிங்கிலம் பார்க்கும் தொழில் இலங்கையில் திரும்ப வேரூன்றியது மிரிஸ்ஸவில், யுத்தத்தின் கடைசி வருடங்களில். இன்று உலகமே அறிந்த பெயர். கல்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஸ்பின்னர் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் துள்ளுகின்றன, அங்கே பல மீனவர்கள் தங்கள் வள்ளத்திலேயே ஆட்களை ஏற்றுகிறார்கள். நம் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வொஸ், இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் மற்ற இடங்களைப் போல் குளிர்க் கடலுக்குப் போகாமல் வெப்பக் கடலிலேயே தின்று வாழ்பவை என்று எடுத்துச் சொன்னார்.

ஆனால் மிரிஸ்ஸவை அப்படியே பிரதி பண்ணத் தேவையில்லை. ஒரு திமிங்கிலம் மேலே வந்தால் பத்துப் படகு சுற்றி வளைக்கிறது. அது மூச்சு விடத்தான் மேலே வருகிறது. நாங்கள் சுபஹுக்கு எழும்பி வாசலைத் திறக்கும் போதெல்லாம் பத்து மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக் கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? 2012இல் விதிமுறை வந்தது, 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று. பருவத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று தெரியும்.

திருகோணமலையில் இப்போது படகுகள் மீண்டும் ஓடுகின்றன. காசு பெரும்பாலும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம். மூதூர்ப் பையன்களுக்குக் கடல் கைரேகை மாதிரி, ஆனால் அனுமதிப் பத்திரமும் பாதுகாப்பு அங்கியும் இரண்டு வார்த்தை ஆங்கிலமும் இல்லை. இந்த மூன்றையும் பெற்றுக் கொடுக்க ஊர்ச் சங்கங்கள் முயன்றால், இரவில் பேக்கில் வருகிற வியாபாரம் தானாகக் குறையும் என்பது என் கணிப்பு. தவறென்றால் மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் திருத்துங்கள்.

நம்ம ஆட்களுக்கு இரக்கமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2017 மே 31இல் சம்பூர்க் கரையில் 20 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையோடு ஊர்ச் சனமும் இறங்கித் தள்ளித்தான் அவை திரும்பக் கடலுக்குப் போயின. அவற்றை யாரும் வெட்டிப் பங்கு போடவில்லை.

ஏப்ரல் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், தரம் 8 பிள்ளைகளை கோணேசர் மலைக்குக் கூட்டிப் போக இருக்கிறேன். கோயிலுக்கு வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், காலையில் ஒரு ஓரமாக நின்று கடலைப் பார்ப்போம். கிண்ணியா வழியாக பஸ்ஸில்தான் பயணம். பைனோக்குலர் வைத்திருப்பவர்கள் இரண்டு நாளுக்கு இரவல் தந்தால் உதவி. 83க்கு முன் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்க ஏற்றிப் போன வாப்பாமார், மாமாமார் யாராவது இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள், அல்லது பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கே வந்து எழுதிக் கொள்கிறேன்.