சுஷிமாவின் வாளும் அதெகாவாவின் மனுவும்

1274ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மொங்கோலியப் பேரரசின் கப்பற்படை கொரியாவின் தென்கரையிலிருந்து புறப்பட்டு, யப்பானுக்குச் செல்லும் வழியில் முதலாவதாகச் சுஷிமாத் தீவிற் கரையிறங்கியது. தீவின் காவற்பொறுப்பிலிருந்த சோ சுகேகுனி ஏறக்குறைய எண்பது குதிரைவீரருடன் எதிர்த்துநின்று மடிந்தார். வரலாற்று நூல்களிற் சில வரிகளையே பெற்றுவந்த இச்சம்பவம் 2020ஆம் ஆண்டில் எதிர்பாராத மறுபிறவி எடுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் ‘கோஸ்ற் ஒவ் சுஷிமா’ என்ற வீடியோ விளையாட்டை உருவாக்க, சோனி நிறுவனம் அதனை வெளியிட்டது. ‘சுஷிமாவின் ஆவி’ என்பது அப்பெயரின் பொருள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டு யப்பானைப் பற்றிய ஆராய்ச்சி நூல் எதற்கேனும் இதிற் பத்திலொரு பங்கு வாசகர் கிடைத்திருப்பரோ என்பது ஐயமே.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடும் மனப்பான்மை ஆசிரியருலகில் உண்டு. அது பொருந்தாது. பாடநூலில் ஒருமுறை வாசித்ததை மாணவன் பரீட்சையோடு மறந்துவிடுகிறான். தன் விரல்களால் நூறுமுறை செய்துபார்த்ததை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. ஆகவே, அவ்விரல்கள் எதனைக் கற்கின்றன என்று கேட்பது நமது கடமையாகின்றது.

விளையாடுபவர் ஜின் சக்காய் என்ற கற்பனைச் சாமுராயின் உடலுக்குட் புகுந்து இருவகைக் கல்வி பெறுகிறார். முதலாவது வாட்கல்வி. கல், நீர், காற்று, நிலா என நால்வகை நிற்கும் முறைகள் உள்ளன. வாளேந்தியவனுக்கு ஒன்று, கேடயம் தாங்கியவனுக்கு ஒன்று, ஈட்டிக்காரனுக்கு ஒன்று, பேருடல் படைத்தவனுக்கு ஒன்று. பகைவரின் தலைவர்களை வீழ்த்தியும், அவர்களது பயிற்சியை மறைந்திருந்து கவனித்தும் இம்முறைகள் கற்கப்படுகின்றன. ஓங்கிய வாள் இறங்கும் கணத்தில் அதனைத் தட்டிவிட்டுத் திருப்பித் தாக்கவேண்டும். அவசரப்பட்டால் மரணம், தயங்கினாலும் மரணம். பலமுறை மாண்டபின்னரே கை பழகுகின்றது. இரண்டாவது மறைந்து தாக்கும் கல்வி. நாணற் புல்லுக்குள் பதுங்குதல், கூரைமேல் ஊர்தல், ஓசை எழுப்பிக் காவலனைத் திசைதிருப்புதல், புகைக்குண்டு வீசி மறைதல், பின்புறமாகச் சென்று குத்துதல் ஆகியவை இதிலடங்கும். வாட்கல்வியை ஜின்னுக்கு அளித்தவர் அவனுடைய தாய்மாமனும் தீவின் ‘ஜிதோ’வுமாகிய ஷிமுராப் பிரபு. மறைந்து தாக்கும் வழியைக் காட்டியவள் யுனா என்ற திருடி. குருமார் இருவரும் இருவேறு வர்க்கத்தினர் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

முதன்முறை பின்னாலிருந்து ஒருவனைக் குத்தும்போது, பகைவனை நேருக்கு நேர் நோக்கவேண்டுமென்று மாமன் சிறுவயதிற் சொல்லித்தந்த நினைவு ஜின்னை வந்து வருத்துகின்றது. விளையாட்டின் நாடகம் முழுவதும் இந்த வருத்தத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. நேர்ப்போர் மானம், மறைபோர் இழிவு. நாட்டைக் காப்பதற்காக மானத்தைத் துறக்கலாமா என்பதே வினா. கதையென்ற அளவில் நல்ல வினாத்தான். ஆனால் 1274ஆம் ஆண்டில் வாழ்ந்த சாமுராய் எவரும் இவ்வாறு வருந்தியதற்கு அக்கால ஆவணங்கள் இடமளிக்கவில்லை.

ஹைக்குச் செய்யுள் வடிவம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜின் அதனை இயற்றுகிறான் என்பது போன்ற சில்லறைக் குறைகளை இங்கு ஆராயப் புகவில்லை. போர்முறையை மட்டும் நோக்குவோம். அக்கால வீரனின் முதன்மைக் கருவி வாளன்று, வில். குதிரையும் வில்லும் என்றே அவர்கள் தம் தொழிலைக் குறித்தனர். இரவுத் தாக்குதல் அத்தொழிலின் அன்றாடப் பகுதி. 1156ஆம் ஆண்டு ஹோகென் கலகத்தில், அன்றிரவே பகைவரின் அரண்மனையைக் கொளுத்தவேண்டுமென்று பெருவீரனாகிய மினமொத்தோ தமெதொமோ ஆலோசனை கூறியதாகவும், அதனை மறுத்தவர் அரசவைப் பிரபுவாகிய யொரினகா எனவும் பழைய போர்க்கதை சொல்கின்றது. மறுத்த பக்கம் அவ்விரவே எதிரியின் திடீர்த் தாக்குதலால் வீழ்ந்தது. போரறியாத பிரபுவுக்கு இருந்த கூச்சம் போர்வீரருக்கு இருக்கவில்லை. 1184இல் மிகுசா மலையில் இரவோடிரவாகப் பகைவரைத் தாக்கச் சென்ற யொஷித்சுனேயின் படையினர், வழியறிய வெளிச்சம் வேண்டி ஒனோபாரா என்ற ஊரின் குடிமக்களுடைய வீடுகளுக்குத் தீயிட்டனர். இதனையும் போர்க்கதையே கூறுகின்றது; வழக்கமான பெரிய தீவட்டி என்ற தோரணையில், எவ்விதக் கூச்சமுமின்றிக் கூறுகின்றது.

மொங்கோலியரை நேரிற் சந்தித்த ஒருவரின் சாட்சியமும் நமக்குக் கிடைத்துள்ளது. தகேசாகி சுவெநாகா என்ற சிறு சாமுராய் தன் வீரச்செயல்களைப் படச்சுருளாக வரைவித்தார். 1274இல் ஐந்து குதிரைவீரருடன் முந்திப் பாய்ந்த அவர், உரிய வெகுமதி கிடைக்காமையால், மறுவருடம் குதிரைகளையும் சேணங்களையும் விற்றுப் பயணச் செலவு தேடிக் கமகுராவுக்குச் சென்று முறையிட்டு, ஜிதோப் பதவியொன்றைப் பெற்றார். 1281இல் மொங்கோலியர் மீண்டும் வந்தபோது அவரிடம் படகு இருக்கவில்லை. பொய் சொல்லிப் பிறர் படகில் ஏறினார். தலைக்கவசமும் இல்லை, காற்கவசத்தைக் கழற்றித் தலையிற் கட்டிக்கொண்டார். பொய்யையும் கவசத்தையும் அவர் மறைக்கவில்லை, பெருமையோடு பதிவு செய்திருக்கிறார். அவ்வாண்டில் யப்பானியர் சிறு படகுகளில் இரவிற் சென்று பகைவரின் கப்பல்களில் ஏறித் தலைகளைக் கொய்தனர், தீயிட்டனர். அதற்காக எவரும் மானமிழந்தவராகக் கருதப்படவில்லை. வெகுமதி கேட்டுத்தான் மனுக் கொடுத்தனர். அவர்கள் நிலத்துக்காகப் போரிட்டவர்கள். அதனை இழிவென்று நான் கருதவில்லை, அது நிலமானிய அமைப்பின் இயல்பு.

அவ்வாறாயின் ஷிமுராப் பிரபுவின் மானம் எங்கிருந்து வந்தது? அது வெகு பிற்காலத்துச் சரக்கு. தொக்குகாவா ஆட்சியின் நீண்ட சமாதானத்தில் வேலையற்றிருந்த சாமுராய் வர்க்கம் தன்னைப் பற்றித் தானே வளர்த்துக்கொண்ட நினைப்பு ஒருபுறம். 1873இல் கட்டாய இராணுவச் சேவை ஏற்பட்டு, உழவனின் மகன் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டபின், அவனைக் கேள்வி கேளாமற் சாகச் செய்வதற்கு அரசு தேடிய போதனை மறுபுறம். 1882இல் பேரரசர் படையினருக்கு விடுத்த பிரகடனம் இவ்வழியில் ஒரு படி. 1900ஆம் ஆண்டளவில் நித்தோபே இனாசோ, யப்பானின் ஆன்மாவே ‘புஷிதோ’ என்று நிறுவ முனைந்த நூலை ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவில் வெளியிட்டார். நித்தோபே போர்வெறியர் அல்லர். பின்னர் சர்வதேச சங்கத்தின் உயர் பதவியில் அமர்ந்தவர். மேலைநாட்டாரின் மதிப்பைத் தேடிய ஒரு கனவானின் நூல் அது. எனினும் அச்சொல்லை இராணுவம் பற்றிக்கொண்டது. 1941இல் வெளிவந்த போர்க்கள ஒழுக்க விதிகள், சிறைப்படும் அவமானத்தை உயிரோடிருந்து அடையலாகாது எனப் படையினருக்குப் போதித்தன. 1944 ஒக்டோபரில் இளைஞர்களை விமானத்தோடு கப்பல்கள் மீது மோதிச் சாகவிட்ட படைப்பிரிவுக்கு, மொங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயலின் பெயராகிய ‘தெய்வக்காற்று’ என்பதையே சூட்டினர். ஆக, சுஷிமாக் கடலோரத்தில் ஷிமுரா பேசுவது பதின்மூன்றாம் நூற்றாண்டின் மொழியன்று.

ஜிதோ என்ற பதவிப்பெயரைச் சற்று நின்று நோக்கவேண்டும். கமகுரா ஆட்சி நிலப்பகுதிகள் தோறும் நியமித்த அதிகாரிகளே ஜிதோக்கள். வரி திரட்டுவதும் ஒழுங்கு காப்பதும் அவர்கள் பணி. விளையாட்டில் ஜிதோ கடமையுணர்ச்சி மிக்க முதியவர். ஊரார் அவரைக் கண்டு தலைவணங்குகின்றனர். மொங்கோலியர் வந்த மறுவருடம், அதாவது 1275இல், கீயி மாகாணத்தின் அதெகாவாப் பண்ணை உழவர்கள் நிலவுடைமையாளருக்கு ஒரு மனு அனுப்பினர். பதின்மூன்று பிரிவுகளையுடைய அந்த மனு கற்றோரின் எழுத்தில் அன்று, பெரும்பாலும் எளிய கத்தகானா எழுத்தில் எழுதப்பட்டது. செலுத்தவேண்டிய மரங்கள் ஏன் தாமதமாயின என்பதற்கு உழவர் அதிற் காரணம் கூறுகின்றனர். ஜிதோ தங்களை ஓயாமல் ஊழியத்துக்கு இழுத்துச் செல்கிறார். எஞ்சிய சிலர் மரம் வெட்டப் புறப்பட்டால், ஊரைவிட்டு ஓடிப்போனவர்களின் வயலில் கோதுமை விதைக்குமாறு திருப்பி விரட்டுகிறார். விதைக்காவிட்டால் பெண்டு பிள்ளைகளைப் பிடித்துக் காதை அறுப்பேன், மூக்கை அரிவேன், தலைமயிரைக் கத்தரித்துக் கன்னியாஸ்திரி கோலமாக்குவேன், கயிற்றாற் கட்டி வதைப்பேன் என்று மிரட்டுகிறார். கோயா மலை மடத்தின் ஆவணங்களில் இம்மனு இன்றுமுளது. ஓடிப்போனவர்கள் என்ற சொல்லை மாணவர்க்கு எடுத்துக்காட்டவேண்டும். அவ்வுழவர்க்கு வாய்த்த மறைபோர் அது ஒன்றுதான்.

படையெடுத்தவர் பக்கத்திலும் இதே நிலைதான். சுஷிமாவை நோக்கிவந்த ஏறக்குறைய 900 கலங்கள் கொரிய மக்களின் கட்டாய உழைப்பாற் கட்டப்பட்டவை. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தச்சரும் கூலிகளும் அதற்காக ஒன்றுதிரட்டப்பட்டதாகக் கொரிய வரலாறு கூறுகின்றது. 1231 முதல் 1259 வரை மொங்கோலியரின் தாக்குதல்களாற் சிதைந்த நாடு அது. அரசர் பணிந்தபின்னும் 1270 முதல் 1273 வரை சம்பியொல்சோ என்ற படைப்பிரிவினர் கிளர்ந்து நின்றனர். 1271இல் யப்பானுக்குக் கடிதம் எழுதி உதவியும் கேட்டனர். உதவி கிடைக்கவில்லை. அவர்கள் ஒடுக்கப்பட்ட மறுவருடமே கடற்படை புறப்பட்டது. திரும்பிச் சென்ற படையின் தளபதிகள், பிடித்துச் சென்ற இருநூறு சிறுவர் சிறுமியரைக் கொரிய அரசருக்கும் அரசிக்கும் காணிக்கையாக்கினர். விளையாட்டில் பகைவர் யாவரும் ஒரே முகமுடைய மொங்கோலியராகவே தோன்றுகின்றனர். கொரியத் தச்சனுக்கு அங்கு இடமில்லை.

இவ்விளையாட்டை முற்றாகக் குறைகூறுவதும் நேர்மையன்று. யுனாவும் அவள் தம்பி கொல்லன் தகாவும் சிறுவயதில் அடிமைப்பட்டிருந்தவர்கள். ஜின்னின் பால்ய நண்பன் ரியுசோ, தன் ஆட்களின் பட்டினி தாங்காமல் மொங்கோலியரோடு சேர்கிறான். பசி துரோகத்துக்குக் காரணமாவதை இவ்வளவேனும் காட்டியிருப்பது பாராட்டுக்குரியது. திரைப்பட மேதை குரோசாவாவின் பெயரால், காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியொன்றும் இதிலுண்டு. 1954இல் வெளிவந்த அவருடைய ‘ஏழு சாமுராய்’ படத்தில், உழவனாய்ப் பிறந்த வீரனொருவன் சாமுராய்களை நோக்கி, உழவர் வஞ்சகராயும் கோழைகளாயும் ஆனது உங்கள் கொள்ளையாலும் கொடுமையாலும் அல்லவா என்று குமுறுகிறான். அந்தக் குமுறல் இங்கே கேட்கவில்லை.

எனினும், படைத்தோர் கருதினரோ இல்லையோ, முடிவுப்பகுதியில் ஓர் உண்மை தலைநீட்டுகின்றது. தீவு மீட்கப்பட்டபின் ஷோகன் ஜின்னின் குலத்தைக் கலைத்து அவன் தலையைக் கேட்கிறான். அதனைக் கொண்டுவரவேண்டிய பொறுப்பு மாமனுடையது. குற்றம் என்ன? மக்கள் ஆவியைப் பின்பற்றத் தொடங்கிவிட்டனர், கீழ்ப்படிதல் குலைந்துவிடும் என்பதே. இரவிற் பதுங்கித் தாக்குவதை ஆளுவோரும் செய்தனர் என்பதை மேலே கண்டோம். அதனை ஆளப்படுவோர் கற்றுக்கொண்டபோதுதான் அது குற்றமாயிற்று.

அவர்கள் கற்றுக்கொண்டும் விட்டனர். 1485இல் யமஷிரோ மாகாணத்தில் சிறு நிலக்காரரும் உழவரும் கூடிப் பிரபுக்களின் படைகளை வெளியேற்றி, எட்டாண்டுகள் தம்மைத் தாமே ஆண்டனர். 1488இல் காகா மாகாணத்தில் பௌத்த மதப்பிரிவொன்றினைச் சேர்ந்த உழவர் முதலானோர் ஆளுநரை வீழ்த்தினர். ஏறக்குறைய நூறாண்டு அம்மாகாணம் அவர்கள் வசமிருந்தது. இன்று ‘நிஞ்ஜா’ என்ற பெயரிற் சந்தைப்படுத்தப்படும் மறைபோராளிகளின் பிறப்பிடமாகிய இகாவும் சிறு நிலக்காரரின் கூட்டாட்சி நிலவிய இடமே. 1581இல் ஓதா நொபுநாகா அதனை அழித்தான். அக்கலையை விரித்துரைக்கும் ‘பன்சென்ஷுகாய்’ என்ற நூல் 1676இல், அதற்குத் தேவையொழிந்த சமாதான காலத்திலேதான் தொகுக்கப்பட்டது.

1588இல், தாமே எளிய குடியிற் பிறந்த ஹிதெயொஷி, உழவரிடமிருந்து வாள், வில், ஈட்டி, துப்பாக்கி அனைத்தையும் பறிக்குமாறு ஆணையிட்டார். ஆயுதம் வைத்திருப்பவர் வரி கொடுக்க மறுத்துக் கிளர்ச்சி செய்வர் என்று காரணத்தை அவ்வாணை ஒளிக்காமற் கூறுகின்றது. பறித்த இரும்பு கியோத்தோவிற் கட்டப்படும் பெரிய புத்தர் சிலைக்கு ஆணியாகுமென்றும், அதனால் உழவருக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை விளையுமென்றும் அதே ஆணை ஆறுதலும் சொல்கின்றது.

ஐம்பது ஆண்டு கழியுமுன், 1637இன் இறுதியில், சுஷிமாவுக்குத் தெற்கேயுள்ள கியூஷுத் தீவின் ஷிமபாராவில், வரிக்கொடுமையும் மத ஒடுக்குமுறையும் தாங்காத கிறித்தவ உழவர்கள், பிரபுக்களை இழந்த சில பழைய சாமுராய்களையும் சேர்த்துக்கொண்டு, ஹரா என்ற கைவிடப்பட்ட கோட்டையைப் பிடித்தனர். ஷோகனின் பெரும்படை மாதக்கணக்கில் அவர்களை முற்றுகையிட்டது. 1638இன் வசந்தத்தில் ஒருநாள் இரவு, உணவும் வெடிமருந்தும் தேடி அவர்கள் கோட்டையை விட்டு வெளியேறி முற்றுகைப் பாசறைகளைத் தாக்கினர். மறுநாள் படைத்தலைவரின் உத்தரவுப்படி, அத்தாக்குதலில் இறந்துகிடந்தோரின் வயிற்றைக் கீறிப் பார்த்தனர். உள்ளே கடற்பாசியும் பச்சிலையுமே இருந்தன. கோட்டைக்குள் தானியம் தீர்ந்துவிட்டதென்பதை ஷோகனின் படை அவ்வாறுதான் அறிந்துகொண்டது.