திருச்சிராப்பள்ளி ஆற்று மணல் அகழ்வு

திருச்சிராப்பள்ளி ஆற்று மணல் அகழ்வு என்பது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரி, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் படுகையிலிருந்து கட்டுமானப் பணிகளுக்காக மணல் எடுக்கப்படுவதைக் குறிக்கும். மணல் ஒப்பந்ததாரர்கள், ஆற்றை நம்பி வாழும் மக்கள், அரசு ஆகிய மூன்று தரப்புகளின் எதிர்பார்ப்புகள் இதில் மோதுகின்றன. 2003 முதல் மணலின் உரிமையாளர், விற்பனையாளர், கண்காணிப்பாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் மாநில அரசிடமே இருப்பது இச்சிக்கலின் முதன்மைக் கூறு ஆகும்.

ஆற்றுப்படுகையின் பயன்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம் எனப்படுகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயருடனேயே உறையூரை அடுத்துச் செல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளநீர் வடிகாலாகப் பயன்படுவதால் அதன் மணற்பரப்பு மிக அகலமானது.

மணல் அடுக்கு நீரைத் தேக்கி, வடிகட்டி, நிலத்தடிக்கு அனுப்புகிறது. கம்பரசம்பேட்டை முதலிய இடங்களில் ஆற்றுப்படுகையில் உள்ள நீர் சேகரிப்புக் கிணறுகள் இத்தன்மையைச் சார்ந்தவை. மணல் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டால் ஆற்றின் தரைமட்டம் தாழ்கிறது. அப்போது வாய்க்கால்களின் தலைமதகுகளுக்கு நீர் ஏறுவது கடினமாகிறது. பாலங்களின் அடித்தளமும் வெளிப்படுகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை மேற்பகுதியிலிருந்து வரும் மணலைத் தடுப்பதால், இழந்த மணல் மீண்டும் சேர நீண்ட காலம் ஆகிறது.

சட்டநிலை

ஆற்று மணல் ஒரு சிறுகனிமம் ஆகும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்கான விதிகளை இயற்றும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. தமிழக அரசு 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளில் 38-அ என்னும் விதியை 2003இல் சேர்த்துத் தனியார் குத்தகையை முடிவுக்குக் கொண்டுவந்தது. பொதுப்பணித் துறை குவாரிகளை ஏற்றது. எனினும் மணலை அள்ளுதல், ஏற்றுதல் முதலிய பணிகளில் ஒப்பந்ததாரர்கள் தொடர்ந்தனர். 2017இல் இணையவழி முன்பதிவு அறிமுகமானது.

சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் கூறியது.

தரப்புகளின் எதிர்பார்ப்புகள்

* அரசு: வருவாய், கட்டுமானத்துக்குத் தட்டுப்பாடற்ற மணல்.
* ஒப்பந்ததாரர்கள், லாரி உரிமையாளர்கள்: கூடுதல் குவாரிகள், விரைவான ஏற்றுதல்.
* விவசாயிகள், கரையோர ஊர் மக்கள்: பாசனம், குடிநீர், கரைகளின் பாதுகாப்பு.
* மாட்டுவண்டித் தொழிலாளர்கள்: இயந்திரம் இல்லாத தனிக் குவாரிகள்.

கடைசி இரு பிரிவினரும் ஒரே ஊரினராக இருக்கலாம். ஆகவே ஊர் மக்களின் கோரிக்கை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

2018ஆம் ஆண்டு நிகழ்வுகள்

2018 ஆகத்து மாத வெள்ளத்தில் திருவரங்கத்தையும் வடகரையையும் இணைத்த பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. புதிய பாலம் 2016இல் திறக்கப்பட்டிருந்ததால் பழைய பாலத்தில் போக்குவரத்து இல்லை. ஆகத்து 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் உடைந்தன. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட அணை இது. விவசாய அமைப்புகள் மணல் அகழ்வைக் காரணமாகக் கூறின. அரசு அதை மறுத்து, கட்டுமானத்தின் பழமையையும் வெள்ளத்தையும் சுட்டியது.

அமலாக்கத் துறை வழக்கு

2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை மணல் குவாரிகளிலும் ஒப்பந்ததாரர்களிடமும் சோதனை நடத்தியது. பின்னர் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட 5 மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. மாநில அரசு இதை எதிர்த்தது. ஆட்சியர்கள் நேரில் வரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஒப்பந்ததாரர்கள் சிலர் மீதான நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில் இரத்து செய்தது.

ஒப்பீடு

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் குறித்து முடிவுசெய்யும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடம் விட்டது; 12 சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024இல் நடந்த ஏலத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பின் நடுவண் அரசு 2025 சனவரியில் இரத்து செய்தது.  திருச்சிராப்பள்ளி மணலில் அனுமதிப்பதும் விற்பதும் ஒரே அரசின் பணிகள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாததால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்குச் சிறுகனிமங்கள் மீது உள்ள பரிந்துரை உரிமையும் இங்குள்ள கரையோர ஊர்களுக்குப் பொருந்தாது.