அமைதிக்கு எத்தனை மதிப்பெண்?

செவிலியர் மாணவிகளின் மதிப்பீட்டுத் தாள்களில் பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ‘குழுவாக இணைந்து செயல்படும் திறன்’ என்ற கட்டம் வந்தால் மட்டும் பேனா கொஞ்சம் நின்றுவிடும். அந்தக் கட்டத்தின் பூர்வீகம் பழையது.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 15 பெண்கள். தலைமைச் செவிலி சாரா வார்ட்ரோப்பர் மாதாமாதம் ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவேடு எழுதினார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற வேலைகளுக்கு ஒரு பகுதி, நடத்தைக்குத் தனிப் பகுதி. நேரம் தவறாமை, நம்பகம், தூய்மை, அவற்றோடு அமைதி. செவிலி என்றாலே குடிகாரி என்று ஏசிய காலத்தில் இந்தப் பதிவேடு அவர்களுக்குக் கவசமாகவும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாய் திறக்காமலிருப்பது பெண்ணின் தொழில்திறனாகக் கணக்கில் ஏறியதும் அங்கேதான். (நைட்டிங்கேல் அம்மையார் அமைதியாக இருந்து எதையும் சாதிக்கவில்லை என்பது வேறு கதை.)

இந்த அமைதி வார்டில் எப்படி வேலை செய்தது என்பதை 1967இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டெயின் எழுதிக் காட்டினார். தந்தை இறந்த செய்தி கேட்டுத் தூங்க முடியாமல் தவிக்கிறார் ஒரு நோயாளி. நள்ளிரவில் செவிலி டாக்டருக்குப் போன் செய்கிறார். முன்பு எந்தத் தூக்க மருந்து உதவியது என்று டாக்டர் கேட்கிறார். முந்தாநாள் இரவு பென்டோபார்பிடால் 100 மில்லிகிராம் நன்றாக வேலை செய்தது என்கிறார் இவர். அதையே டாக்டர் எழுதச் சொல்கிறார். முடிவெடுத்தவர் செவிலி, உத்தரவு டாக்டருடையது. வெளிப்படையாக மாற்றுக் கருத்து வரக் கூடாது என்பதே இந்த ‘டாக்டர்–நர்ஸ் விளையாட்டின்’ முதல் விதி. நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1990இல் ஸ்டெயினும் இன்னும் இருவரும் திரும்ப எழுதினார்கள்: செவிலியர் ஆட்டத்தை விட்டு விலகத் தொடங்கிவிட்டார்கள் என்று.

1999இல் பார்செல், பிளை என்ற இரு ஆய்வாளர்கள், பல துறை மாணவர்கள் சேர்ந்து படிக்க எவ்வளவு தயார் என்று அறிய 19 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். செவிலியர், சிகிச்சையாளர் பணி முக்கியமாக டாக்டருக்குத் துணைநிற்பதே என்பது அதில் ஒரு கூற்று. அந்த எண்ணம் மாணவர் மனதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டார்கள். 139 ஆண்டுக்குப் பிறகும் கேட்க வேண்டியிருந்தது! தவிர, மாணவர் தன்னைப் பற்றித் தானே நிரப்பும் தாள் இது. மனப்பாங்கைச் சொல்லும், வார்டில் நடப்பதைச் சொல்லாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ரவுண்ட்ஸ் நேரத்தில் மருந்தளவு தவறு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். அளவு திருத்தப்பட்டது. அவள் தாளில் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று விழுந்தது. அவள் பேச்சைக் கேட்டு நடந்த பயிற்சி டாக்டருக்குக் கேட்டதற்காகவும் மதிப்பெண் இல்லை, கேட்காமலிருந்தால் குறைத்திருக்கவும் மாட்டார்கள்.

இந்தியாவில் 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவர் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவது சொல்லை யார் மதிப்பிடுவது? பிரிட்டனில் பட்டம் முடித்த இளம் டாக்டர்களைப் பற்றிச் செவிலியரும் படிவம் நிரப்புகிறார்கள். சக ஊழியரோடு எப்படி வேலை செய்கிறார், கூப்பிட்டால் கிடைக்கிறாரா என்று அதில் கேள்விகள் உண்டு.