கடவுச்சொல் கைமாறிய கதை

அஞ்சுநாட்டு மலைகளில் உள்ள மறையூரில், கேரள வனத்துறையின் கிடங்கில் சந்தனக் கட்டைகளின் பட்டையையும் வெளிமரத்தையும் செதுக்கி, வைரத்தின் தரம் பார்த்துப் பிரித்து, எடைபோட்டு அடுக்கும் வேலை பழைய ஒழுங்கிலேயே தொடர்ந்தாலும், விற்கும் முறை வேறாகிவிட்டது. வியாபாரிகள் நேரில் கூடி ஏலம் கேட்ட காலம் போய், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளம் வழியே மின்னேலம் நடக்கிறது. ஏலம் கேட்பவர் இன்னார் என்பதற்கு ஆளும் முகமும் சாட்சியாக நின்ற இடத்தில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்து நிற்கின்றன. ஆகவே கடவுச்சொல் களவுபோன வரலாறு மலைச்சரக்கு வணிகத்தையும் தொடுகிறது.

அந்தக் களவுக்குக் கடவுச்சொல்லின் வயதேதான். ஒரே கணினியைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்த உதவிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பு, 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. அவரவர் கோப்புகளைக் காக்க அதில் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. மறு ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற் கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கணினியிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். கடவுச்சொல்லுடன் தனியொரு எண்ணைக் கலந்து, மூலத்துக்குத் திருப்ப இயலாத ஒருவழிக் குறியீடாக மாற்றிச் சேமிக்கும் முறையை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே விளக்கியிருந்தனர். அதற்கு 33 ஆண்டுகளுக்குப் பின்னும் லிங்க்ட்இன் நிறுவனம் அந்தக் கலவையைச் செய்யாமல் வைத்திருந்த குறியீடுகள் களவுபோயின என்பதை அறியாமையின் கணக்கில் எழுத முடியாது, அது அசட்டை.

களவாடுவதைவிடக் கேட்டு வாங்குவது எளிது என்பதை, 1990-களில் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்போல நடித்துச் செய்தி அனுப்பியவர்கள் கண்டுகொண்டனர். இணைய வழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சான்றை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது நல்ல ஏற்பாடே. ஆனால் அட்டை எண் மட்டும் போதாத நிலையில், மோசடிக்காரர்கள் அந்தச் சான்றாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபியையும் வாய்விட்டே கேட்கத் தொடங்கினர்.

கேட்பவர் நம்பத்தக்கவராகத் தோன்றக் கசிந்த தகவல் உதவுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் 2024-இல் டெலிகிராம் வழியே வெளிவந்தபோது, 3.1 கோடிப் பேரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் கூறிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், பிறந்த தேதியையும் நோயின் வரலாற்றையும் மாற்ற இயலாது என்பதால், அத்தகைய கசிவுக்கு ஆயுள் நீளம். 2018 வாக்கில் பரவிய மிரட்டல் மின்னஞ்சல்கள், பெறுபவரின் பழைய கடவுச்சொல்லையே தலைப்பில் காட்டிப் பணம் கேட்டன. அச்சொல் பழைய கசிவொன்றில் எடுக்கப்பட்டதேயன்றி, அவருடைய கணினிக்குள் எவரும் நுழைந்ததற்குச் சான்றன்று.

ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 2022-இல் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இட்ட ஆணை, தன்னிடம் தெரிவிக்கச் சொன்னதே. பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. அத்தகைய அறிவிப்பின் வேடத்திலேயே போலி மின்னஞ்சலும் வரும் என்பதால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து உள்ளே சென்று கடவுச்சொல்லை மாற்றுவதும், அதே சொல்லை வைத்திருக்கும் மற்றக் கணக்குகளில் வேறுவேறு சொற்களை இடுவதும் பெறுபவர் பொறுப்பாகவே இருக்கின்றன.